மெட்டல் 3டி பிரிண்டிங்: சூடு கொஞ்சம் கூடினால், குறைந்தால் என்ன ஆகும்?

சேலம் ஜங்ஷன் ரயில் நிலையம் இருக்கும் சூரமங்கலத்திலிருந்து சில கிலோமீட்டர் போனால் சேலம் உருக்காலை. 1981-ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்த ஆலைதான் சேலத்துக்கு எவர்சில்வர் பெயரை வாங்கிக் கொடுத்தது.

எவர்சில்வர் தகட்டுக்குப் பளபளப்பு கடைசியில்தான் வரும். சூடாக உருட்டும்போது அதன் மேல் கருப்பாகச் செதில் படியும். அதை அமிலத்தில் நீக்கிவிட்டு, சூடில்லாமல் வழவழப்பான உருளைகளுக்கு நடுவே அழுத்துவார்கள். சூடு கெடுத்ததை உருளை சரிசெய்துவிடும்.

அதே எவர்சில்வரைப் பொடியாக்கி 3டி பிரிண்டரில் போட்டால்? அங்கே உருளை கிடையாது. சூடு விட்டுச்செல்வதுதான் மேற்பரப்பு.

எப்படி பிரிண்ட் ஆகிறது?

அதிகம் பயன்படும் முறையில், தலைமுடியைவிட மெல்லிய அடுக்காக உலோகப் பொடியைப் பரப்புவார்கள். லேசர் அதன் மேல் வடிவத்தை வரையும். பட்ட இடத்தில் பொடி உருகி, குட்டிக் குளம்போல நின்று, கண் இமைப்பதற்குள் உறைந்துவிடும். பிறகு அடுத்த அடுக்கு. இப்படி ஆயிரக்கணக்கான அடுக்குகள் சேர்ந்து ஒரு பாகம் ஆகும்.

சூடு குறைந்தால்?

பொடி முழுசாக உருகாது. அடுக்குகள் ஒட்டாமல் நடுவில் இடைவெளி விழும்.

லேசர் ரொம்ப வேகமாக ஓடினாலும் சிக்கல்தான். குழாயை லேசாகத் திறந்தால், கோடாக இறங்கும் தண்ணீர் கீழே போகப் போகச் சொட்டுகளாக உடையும் இல்லையா? நீளமாக இழுபடும் உருகிய உலோகமும் அப்படியே உடைந்து, உருண்டைகளாக உறைந்துவிடும். மேற்பரப்பு மேடும் பள்ளமும்தான்.

அப்போ சூட்டைக் கூட்டினால் போதுமா?

போதாது. அளவு மீறினால் உலோகம் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி குளத்தில் ஆழமான குழி தோண்டும். குழி சரிந்து மூடும்போது உள்ளே வாயுக்குமிழி சிக்கிக்கொள்ளும். வெல்டிங் பட்டறையில் பார்ப்பதுபோல உருகிய துளிகளும் சிதறி, பாகத்தின் மேல் போய் ஒட்டும். ஓரத்தில் கசியும் சூட்டில் பக்கத்துப் பொடி பாதி உருகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிரிண்ட் ஆன பாகத்தைத் தொட்டால் உப்புத்தாள்போல இருக்க இது ஒரு முக்கியக் காரணம்.

கீழ்ப்பக்கம் ஏன் இன்னும் மோசம்?

கெட்டியான உலோகம் சூட்டை வேகமாகக் கடத்திவிடும். பொடி அப்படி இல்லை. துகள்களுக்கு நடுவே வாயு இருப்பதால் சூடு எளிதில் போகாது. அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குக் கீழே இருப்பது வெறும் பொடிதான். அங்கே சூடு தேங்கும், உருகிய உலோகம் பொடிக்குள் இறங்கும், கீழ் முகம் சொரசொரப்பாகும். இதற்காகத்தான் முட்டுக்கொடுக்கும் தாங்கிகளையும் சேர்த்து பிரிண்ட் செய்கிறார்கள். அவை எடையைத் தாங்குவதோடு சூட்டையும் வெளியேற்றுகின்றன.

சொரசொரப்பாக இருந்தால் என்ன இப்போ?

அலங்காரப் பொருளுக்குப் பரவாயில்லை. ராக்கெட் இன்ஜினுக்கு?

2024 மே 9-ல் மகேந்திரகிரியில், பிஎஸ்எல்வி-யின் நான்காம் நிலைக்கான 3டி பிரிண்ட் இன்ஜினை இஸ்ரோ 665 விநாடிகள் எரியவைத்துச் சோதித்தது. 14 பாகங்கள் ஒன்றே ஒன்றாகின, 19 வெல்டிங் இணைப்புகள் தேவைப்படவில்லை. 565 கிலோ உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ பொடி போதுமானதாக இருந்தது. அதே மாதம் 30-ம் தேதி, சென்னையின் அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக பிரிண்ட் செய்த இன்ஜினுடன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டை ஏவியது.

ஒரே துண்டு என்பதில் லாபத்தோடு ஒரு சிக்கலும் இருக்கிறது. வெளிப்புறத்தைக் கடைசல் இயந்திரத்தில் சீவலாம், பாலிஷ் போடலாம். உள்ளே ஓடும் குறுகிய குழாய்களுக்குள் கருவி நுழையாது. அங்கே சொரசொரப்பு அதிகமானால் திரவம் பாய்வதற்கு அதிக அழுத்தம் தேவைப்படும். திரும்பத் திரும்ப அதிர்வு தாங்கும் பாகத்தில் விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பின் சின்னப் பள்ளத்திலிருந்துதான் தொடங்கும்.

தீர்வு என்ன?

லேசர் சக்தி, வேகம், கோடுகளுக்கு நடுவிலான இடைவெளி, அடுக்கின் தடிமன் ஆகிய நான்கையும் சேர்த்தே அமைக்க வேண்டும். ஓரங்களுக்கும் கீழ் முகங்களுக்கும் தனி அமைப்பு கொடுப்பது வழக்கம். உருகும் குளத்தை சென்சாரால் கண்காணிக்கும் இயந்திரங்களும் உண்டு. உள்குழாய்களுக்கு, தேய்க்கும் துகள் கலந்த பசையை அழுத்தத்தில் செலுத்திச் சுத்தம் செய்யலாம். ஆனால் வளைவுகளில் அது ஒரே சீராகத் தேய்க்காது.

நீங்கள் ஒரு பாகத்தை பிரிண்ட் செய்யக் கொடுக்கிறீர்களா? விலைக்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த முகம் கீழே வரும்? தாங்கிகள் எங்கே நிற்கும்? கருவி நுழையாத இடம் எது? மூன்றாவது கேள்விக்கான பதிலை வைத்துதான் பாகத்தை எந்தக் கோணத்தில் நிறுத்தி பிரிண்ட் செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். பிரிண்ட் ஆனபிறகு அந்த இடத்தைத் திருத்துவது ரொம்பக் கஷ்டம்.