எல்லை சுற்றிக் காட்டுங்கள்

வங்கியில் பயிர்க்கடன் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒன்றை அடிக்கடி கவனித்திருக்கிறேன். பெரியவர் காலமாகியிருப்பார். பிள்ளைகள் கடனை முடித்துப் பத்திரத்தை வாங்க வருவார்கள். காட்டை விற்கப் போகிறோம் என்பார்கள். "நான்கெல்லை என்னங்க?" என்று கேட்டால் பத்திரத்தைப் புரட்டிப் படித்துத்தான் சொல்வார்கள். சர்வே எண் தெரியும், சென்ட் என்ன விலை போகிறது என்பதும் தெரியும். வேலியில் என்ன நிற்கிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது தெரியாது. நடந்தே பார்க்காத நிலத்தை விற்கக் கை நடுங்காது.

அதனால், படிப்புக்கோ வேலைக்கோ பிள்ளை வெளியூர் கிளம்பும் முன்னால் குடும்பமாக ஒருநாள் எல்லையைச் சுற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த ஆடியில் பேத்தி கல்லூரிப் படிப்புக்குச் சென்னை போனாள். அதற்கு முந்தின ஞாயிறு காலை அவள், மகன், மருமகள், என் வீட்டுக்காரம்மா, நான் என ஐந்து பேரும் கிளம்பினோம்.

எங்களுடையது காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு, நான்கு ஏக்கர். மற்ற மாவட்டத்து உழவர்களுக்காகச் சொல்கிறேன்: கொறங்காடு என்பது உழாமல் மேய்ச்சலுக்கென்றே விடும் மானாவாரி நிலம். தரையில் கொழுக்கட்டைப்புல், நடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கொறங்காடு. வேலி அடைப்பாக இருந்தால் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வந்துவிடலாம், மேய்க்க ஆள் வேண்டாம். கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடுமாட்டுக்குத் தீனியாகும்.

சுற்றளவு அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பத்து நிமிட நடை. எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. பேத்தியை முன்னால் நடக்கவிட்டோம். அவள் நின்ற இடத்தில் எல்லோரும் நிற்பது என்று பேச்சு.

எருக்கஞ்செடியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வளையம் போட்ட புழுவைப் பார்த்து நின்றாள். "மருந்தடிக்கணுமா அப்பாரு?" "வேண்டாம் கண்ணு. அது எருக்கு மாதிரிச் செடியைத்தான் தின்னும், நம்ம வெள்ளாமைக்கு வராது. பட்டாம்பூச்சி ஆயிட்டா பூவுக்குப் பூ போகும்" என்றேன். வேலியில் ஏறியிருந்த பிரண்டை, கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி என்று அப்பத்தா ஒவ்வொன்றுக்கும் பேரும் பக்குவமும் சொல்லிக்கொண்டே வந்தார். சத்தம் கேட்டு இரண்டு கௌதாரிகள் ஓடிக் கிளுவைத் தூருக்குள் மறைந்தன.

அதிக நேரம் நின்றது சாணிக்கருகில்தான். சாணி வண்டு உருண்டை பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது. அது சாணியை மண்ணுக்குள் இறக்குகிறது, மண்ணுக்குக் காற்றோட்டம் தருகிறது, ஈ பெருகுவதைக் குறைக்கிறது. உழாத காட்டில் உழவு ஓட்டுவது இந்த வண்டுதான். ஐவர்மெக்டின் போட்ட மாட்டின் சாணியில் அந்த மருந்து பல நாட்கள் வந்துகொண்டிருக்கும். வண்டின் புழுக்கள் அதில் செத்துப்போகும். எனவே பட்டி முழுக்க ஒரே நாளில் ஊசி போடும் பழக்கம் எங்களிடம் இல்லை. கால்நடை மருத்துவரைக் கேட்டு, தேவைப்பட்ட மாட்டுக்கு மட்டும்.

மேற்கு மூலையில் வேலி சந்து விட்டிருந்தது. மகன் அங்கே நின்றான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை அவனுக்கு. "அப்பா, வேலி வெட்ட ஆள் கிடைக்கறதில்ல. கூலியும் ஏறிப்போச்சு. எல்லாத்தையும் தோண்டிப் போட்டுட்டு கம்பிவேலி இழுத்துட்டா நிம்மதி" என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேலி வெட்டும் சிரமம் எனக்கும் தெரியும். நான் பதில் சொல்லவில்லை. பேத்தி நோட்டைப் பார்த்துப் படித்தாள்: அதுவரை எழுதியது 31 பேர்; அதில் 19 வேலிக்குள்ளேயே இருந்தவை. "கம்பி போட்டா இந்தப் பத்தொம்பதும் எங்கப்பா போகும்?"

அவன் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு, "ஐப்பசி மழைக்குள்ள இந்தச் சந்துக்கு மட்டும் கிளுவைப் போத்து நட்டுப் பாக்கலாம்" என்றான். கம்பிவேலிப் பேச்சு முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இனி அந்தப் பேச்சு வரும்போது, என்ன போகும் என்று தெரிந்த ஓர் ஆள் கூடுதலாக இருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் பிள்ளை கிளம்பும் நாள் வரும். நஞ்சையோ புஞ்சையோ, ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். பாடம் நடத்தாதீர்கள், கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள். வீட்டில் மூத்தவர் நடக்க முடியாவிட்டால் வண்டியிலாவது கூட்டிப்போங்கள். பேர்கள் அவரிடம்தான் இருக்கும். தண்ணீர் வரும் வழி, வடியும் வழி, எல்லைக்கல், மரம், செடி, பூச்சி, பறவை எல்லாவற்றையும் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதி வாங்குங்கள். தேதி போடச் சொல்லுங்கள். அந்த நோட்டைப் பட்டா, சிட்டாவோடு சேர்த்து ஒரே பெட்டியில் வையுங்கள்.