குட்டி யானையில் ஒரு யூனிட் மணல் வருமா?



சிட்லபாக்கத்தின் குறுகிய சந்துகளில் டிப்பர் நுழையாது. மணல் குட்டி யானையில்தான் வருகிறது. வீடு பழுதுபார்க்க நமது உதவி பெற்ற ஒரு குடும்பத்தார், ஒரே நடையில் இறங்கிய எம்-சாண்டை ‘ஒரு யூனிட்’ என நம்பி முழுப் பணமும் கொடுத்துவிட்டார்கள். பில் வந்த பிறகே நமக்குத் தெரிந்தது.

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. காய்ந்த மணல் கன அடிக்கு ஏறத்தாழ 45 கிலோ. ஆக, யூனிட்டுக்கு 4,500 கிலோ. டாடா ஏஸ் சுமப்பதோ சுமார் 750 கிலோ. ஆறு நடை வந்தால்தான் கணக்குச் சரி.

வண்டி எதுவானாலும், ஆர்.சி.யிலுள்ள மொத்த எடையில் வெற்று வண்டி எடையைக் கழியுங்கள். மீதிதான் ஏற்றக்கூடிய பாரம்; ஓட்டுநரின் எடையும் அதற்குள் அடக்கம். 50 கிலோ சிமெண்ட் என்றால் 14 மூட்டையோடு நிறுத்துவது நல்லது. மீறினால் அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன்னுக்கு மேலும் 2,000.

மணலை இறக்குமுன் தொட்டியின் நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 100-ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். ஈர மணல் உப்பி, அளவைக் கூட்டிக் காட்டும், கவனம்.

அளவையில் குறைப்போரைத் திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் கண்டிக்கிறது. அளந்து வாங்குவது நம் பொறுப்பு. சந்தேகமிருந்தால், பணம் கொடுக்குமுன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.