தூரத்துக் காணி உண்மையில் மலிவானதா?

ஞாயிறு பத்திரிகைகளின் காணி விளம்பரங்களில் "கொழும்புக்கு 40 நிமிடம்" என்பது போன்ற ஒரு வரியை அடிக்கடி காணலாம். ஆனால் எந்த நேரத்தில், எந்த வாகனத்தில் 40 நிமிடம் என்று விளம்பரம் சொல்வதில்லை. காணி விலையின் பெரும் பகுதி அந்த நிமிடங்களில்தான் அடங்கியிருக்கிறது.

நிலத்தின் விலைக்கும் பயணத்துக்கும் உள்ள தொடர்பு புதிய கண்டுபிடிப்பல்ல. விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் செலவு நில வாடகையைத் தீர்மானிக்கிறது என்று ஜேர்மனியரான வொன் தூனன் 1826 இல் விளக்கினார். 1964 இல் வில்லியம் அலொன்சோ அதே கருத்தை நகரங்களுக்குப் பொருத்திக் காட்டினார். தொழில் நடக்கும் இடத்துக்குச் செல்ல ஆகும் பணமும் நேரமும் கூடக் கூட, அந்தக் காணிக்கு மக்கள் கொடுக்க விரும்பும் விலை குறைகிறது. ஆகவே குறைந்த விலை ஒரு சலுகையல்ல. மீதியை நாம் மணித்தியாலங்களாகக் கட்டுகிறோம்.

எங்கள் பாடசாலையில் காணி தேடும் இளம் ஆசிரியர்களுக்கு நான் ஒரு சிறு கணக்கைச் செய்து காட்டுவதுண்டு. எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே. அருகிலுள்ள காணி பேர்ச்சஸ் ஒன்று 10 இலட்சம், தூரத்துக் காணி 5 இலட்சம் என்று வைப்போம். 10 பேர்ச்சஸ் வாங்கினால் 50 இலட்சம் மிச்சம். தூரத்துக் காணியால் போக வர நாளொன்றுக்கு 2 மணித்தியாலம் மேலதிகமாகச் செலவாகிறது. வருடத்துக்கு 250 வேலை நாட்கள் என்றால் 500 மணித்தியாலம். 20 வருடங்களில் 10,000 மணித்தியாலம். அதாவது நம் வாழ்வின் ஒரு மணித்தியாலத்தை 500 ரூபாவுக்கு விற்கிறோம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போனால் அது 250 ரூபா. பஸ் கட்டணத்தை இன்னும் கழிக்கவில்லை.

அந்த மணித்தியாலங்கள் எங்கிருந்து எடுக்கப்படுகின்றன என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பறையில் காண்கிறோம். விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பி இரவில் திரும்பும் பெற்றோரால் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கவோ பெற்றோர் கூட்டத்துக்கு வரவோ முடிவதில்லை.

பாதை மாறினால் விலையும் மாறும். தெற்கு அதிவேகப் பாதை 2011 இல் கொட்டாவையிலிருந்து திறக்கப்பட்டது. வெளிச்சுற்றுப் பாதை 2014 இல் கடுவெலவையும் 2015 இல் கடவத்தையையும் எட்டியது. கிலோமீற்றர் மாறவில்லை, நேரம் மாறியது. நுழைவாயில்களைச் சுற்றிய காணிகளுக்குக் கிராக்கி கூடியது. இதில் ஆதாயம் முதலில் காணிச் சொந்தக்காரருக்கே. வாடகைக்கு இருப்பவர் மிச்சமாகும் நேரத்தைக் கூடிய வாடகையாகத் திருப்பிக் கொடுக்கிறார். காரில்லாதவருக்கோ பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்பதே முக்கியம்.

வாக்குறுதியை நம்பி விலை கொடுப்பது இன்னும் ஆபத்தானது. மாலபேயிலிருந்து கோட்டை வரையான இலகு ரயில் திட்டத்துக்கு 2019 இல் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2020 இல் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. ரயில் வரும் என்று கூடிய விலைக்குக் காணி வாங்கியவர் இருந்தால், அவர் வராத ரயிலுக்கு டிக்கட் எடுத்தவர்.

எனவே முற்பணம் கொடுக்குமுன் ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் காணியருகிலிருந்து பஸ் ஏறி வேலைத்தலம் வரை சென்று பாருங்கள். மாலையில் அதே வழியே திரும்புங்கள். தரகர் உங்களை அழைத்துச் செல்லும் ஞாயிறு காலையில் பாதை வெறிச்சோடி இருக்கும்.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் இதிலிருந்து தெளிவு. அவிசாவளை வரையான களனிவெளி ரயில் பாதை இன்னும் பெரும்பாலும் ஒற்றைப் பாதைதான். நேரத்துக்கு ஓடும் ரயிலும் காலையில் தனி வழியில் செல்லும் பஸ்ஸும் கிடைத்தால், நடுத்தரக் குடும்பம் வீடு கட்டக்கூடிய எல்லை விரியும். சம்பளத்தைக் கூட்டாமலே ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கக்கூடிய பெரிய உதவி அது.