காருக்குள் ஓடும் கரண்ட்: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

காலையில் அவசரமாகக் கிளம்பிச் சாவியைத் திருப்பினால் ‘டிக்... டிக்...’ சத்தம் மட்டும்தான். செல்ஃப் எடுக்கவில்லை. “பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க” என்று சொல்ல ஆள் தயாராக இருப்பார். கொஞ்சம் பொறுங்கள்! ஒரு சாதாரண மல்டிமீட்டர் கையில் இருந்தால், எங்கே வலிக்கிறது என்பதைக் காரே சொல்லிவிடும்.

12 வோல்ட் பேட்டரி 12 வோல்ட் காட்டினால் அது காலி!

நம்ப முடிகிறதா? உள்ளே ஆறு செல்கள். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற காரில் 12.6 காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.7 வரை ஏறினால், ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது. ஆனால், சில புதிய கார்களில் எரிபொருளை மிச்சம் பிடிக்க, கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரின் மின் உற்பத்தியைக் குறைத்துவைக்கும். அங்கே அளவு குறைந்தால் பதறாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

பூட்டிய காருக்கும் தூக்கம் வர அரை மணி நேரம் ஆகும்!

உள்ளே இருக்கும் குட்டிக் குட்டிக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத்தான் கண்ணயரும். எல்லாம் தூங்கியபின் இழுக்கும் கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் 45 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். ஆனால், டிக்கிக்குள் ஒரேயொரு 5 வாட் பல்பு அணையாமல் எரிந்தால்? ஐந்தாவது நாளைத் தாண்டாது!

இந்தக் கள்ளனைப் பிடிக்க ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகாதீர்கள், தூங்கியவை விழித்துக்கொள்ளும். பானெட்டைத் திறந்துவைத்து, கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மடக்கிவிட்டால், கதவு மூடியிருப்பதாகக் கார் நம்பிவிடும். ரிமோட் சாவியைத் தூரத்தில் வையுங்கள். அரை மணி கழித்து ஃபியூஸின் தலையைப் பாருங்கள்: இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து அவற்றைத் தொடுங்கள். பூஜ்யம் என்றால் அந்த வழியில் கரண்ட் இல்லை. எண் காட்டும் ஃபியூஸ் எது? கள்ளன் அந்த வழியில்தான்! (வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள்.)

60 ஓம்... இது மந்திர எண்!

கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ‘கேன்’ இணைப்பை பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்தியது. முறுக்கிய இரண்டே ஒயர்கள். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் 6, 14 ஆகிய பின்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். பல கார்களில் 60 ஓம் வரும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்றால் இரு ஒயர்களும் ஒட்டிக்கொண்டன. எலி கடித்த கார்களில் இந்த அளவு பல மணி நேரத் தேடலை மிச்சம் பிடிக்கும்!

ஒரே ஒரு இழை ஓம் மீட்டரையே ஏமாற்றிவிடும்!

தடித்த எர்த் ஒயரில் ஓரிழை தவிர எல்லாம் அறுந்திருந்தாலும் ஓம் மீட்டர் ‘நன்றாக இருக்கிறது’ என்றே காட்டும். செல்ஃபுக்குத் தேவையான கரண்ட் அதில் பாயும்போதுதான் குட்டு வெளிப்படும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்து, வீட்டில் ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி எர்த்; பாவம், பேட்டரி நிரபராதி!

இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டுகிறதா? அதுவும் பெரும்பாலும் எர்த் கோளாறுதான். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், பக்கத்து பல்புக்குள் புகுந்து ஓடுகிறது.

கோடு சொல்வது தெருப் பெயர். வீட்டு எண் அல்ல!

ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஸ்கேனரில் வரும் கோடு (பழுதுக் குறியீடு) ‘பி’ என்று தொடங்கினால் இன்ஜின், கியர் பக்கம். ‘யூ’ என்றால் கம்ப்யூட்டர்களின் பேச்சில் தடங்கல். பேட்டரி சோர்ந்தாலே ஏழெட்டுக் கோடுகள் வரிசைகட்டும்! ஆகவே, கோடு காட்டிய சென்சாரை உடனே மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். முதலில் பேட்டரி, அடுத்து எர்த், பிறகு ஃபியூஸ், கடைசியில்தான் சென்சார்.

ஒரு வேண்டுகோள்: ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரிலும், ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களின் ஆரஞ்சு நிற ஒயர்களிலும் மீட்டரை வைக்கவே கூடாது. அவற்றைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.