குழல் என்று பெயர் வாங்கிய எலும்பு

காலில் அடிபட்டு எக்ஸ்ரே எடுத்தால் அறிக்கையில் ‘டிபியா’ என்றொரு சொல் வரும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, உட்பக்கமாக நிற்கும் பெரிய எலும்பு அது. தொடை எலும்புக்கு அடுத்தபடி உடம்பில் நீளமானது. இலத்தீனில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஊதுகுழல்.

முதல் நூற்றாண்டில் மருத்துவம் எழுதிய செல்சஸ், காலின் முன்புற எலும்பை டிபியா என்றே குறிக்கிறார். ஆனால் அன்றைய ரோமாபுரித் தெருவில் ‘டிபியா எங்கே?’ என்று கேட்டிருந்தால், பலர் கோயில் பக்கம் கைகாட்டியிருப்பார்கள். பலி கொடுக்கும்போது குழல் ஒலித்தாக வேண்டும். அது நம் புல்லாங்குழல் போன்றதல்ல. நாகசுரத்துக்கு இருப்பதுபோல் சீவாளி உண்டு. இரண்டு குழல்களைச் சேர்த்து வாயில் வைத்து ஊதுவார்கள். மரம், தந்தம், எலும்பு என எதிலும் செய்தார்கள். கழுதை எலும்பு நன்றாக ஒலிக்கும் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி.

இந்தக் குழலோர் லேசுப்பட்டவர்கள் அல்லர். கி.மு. 311இல், கோயிலில் விருந்துண்ணும் உரிமையைப் பறித்ததற்காகக் கூட்டமாக ஊரைவிட்டே போய்விட்டார்கள். பலி நின்றது, ஆட்சியாளர்கள் தவித்தார்கள். குழலோர் போய்ச் சேர்ந்த திபூர் நகரத்தார் மதுவை ஊற்றி மயக்கி, தூங்கியவர்களை வண்டியில் ஏற்றி ரோமுக்கு அனுப்பிவைத்ததாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். உரிமை திரும்பக் கிடைத்தது. வரலாற்றின் பழைய வேலைநிறுத்தங்களில் இதைவிடச் சுவையானது எனக்குத் தெரியாது.

பெயர் பொருத்தமானதுதான். மஜ்ஜையை நீக்கிவிட்டால் டிபியா ஒரு குழாய். அதே எடையுள்ள கெட்டித் தண்டைவிடக் குழாய் எளிதில் வளையாது. அதனால்தான் உடல் எடையின் பெரும்பங்கை அதனால் தாங்க முடிகிறது. பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலாவுக்குச் சிறு பங்குதான்.

குறையும் உண்டு. டிபியாவின் உட்புற முகத்தில் தசை கிடையாது. தோலுக்கு அடியிலேயே எலும்பு. எலும்பைப் போர்த்திய சவ்வில் நரம்புகள் நிறைய. கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போவது அதனால்தான். முறிந்தாலும் சுலபமாகத் தோலைக் கிழித்து வெளியே வந்துவிடும். கீழ்ப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அங்கே ஏற்படும் முறிவு ஆறத் தாமதமாகும்.

முறிந்த எலும்பை நிமிர்த்த மருத்துவர்கள் நம்புவதும் அந்த உட்குழலைத்தான். 1939இல் ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ச்சர் தொடை எலும்பின் உள்ளே உலோகத் தண்டு செலுத்தி நிலைநிறுத்தினார். ‘காலில் ராடு வைத்திருக்கிறார்கள்’ என்று நாம் சொல்லும் சிகிச்சை இதுதான்; டிபியாவுக்கும் அதே வழிதான்.

புகைபிடித்தால் எலும்பு கூடுவது மேலும் தாமதமாகும். முன்னங்கால் முறிந்து படுத்திருப்பவர்கள், எலும்பு கூடும்வரையாவது சிகரெட்டைத் தொடாதீர்கள்.