ஊர் கூடிச் செய்யும் ஓடம்

ஏர் பிடிக்கும் கைக்கும் தறி நெய்யும் கைக்கும் பந்தய ஓடத்தோடு என்ன தொடர்பு என்று நம் அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு என்பதே நம் கருத்து. ஒரு குடும்பத்தின் கைத்திறனும் ஓர் ஊரின் பங்குத்தொகையும் ஒன்று சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு, மேற்கு மலைக்கு அப்பால் கேரளத்தின் குட்டநாட்டில் கண்கூடான சான்று இருக்கிறது.

குட்டநாடும் நம் தஞ்சைத் தரணியைப் போல் நெல் விளையும் பூமியே. நமக்குக் காவிரி, அவர்களுக்குப் பம்பை முதலிய ஆறுகள். நாம் மேட்டூரிலிருந்து நீர் எப்போது வரும் என்று காத்திருக்கிறோம். அவர்களோ வயலில் நிற்கும் நீரை எப்படி வெளியேற்றுவது என்று கவலைப்படுகின்றனர். கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த வயல்களைச் சுற்றிக் கரை எழுப்பி, நீரை இறைத்து வெளியேற்றிய பின்னரே அங்கே விதைக்க முடியும். இது தனி ஒருவரால் ஆகும் காரியமன்று. ஒரே கரைக்குள் நிலம் உடையோர் அனைவரும் ‘பாடசேகரம்’ என்னும் குழுவாகக் கூடி இதனைச் செய்கின்றனர். 2013-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் இம்முறையை உலக வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றுச் சிறப்பித்தது. கூடிப் பயிரிடும் இம்மக்கள் ஓடத்தையும் கூடியே செய்கின்றனர்.

அவ்வோடத்திற்குச் சுண்டன் வள்ளம் என்று பெயர். நீளம் 100 அடிக்கு மேற்பட்டது. பின்புறம் படமெடுத்த நாகம்போல் உயர்ந்து நிற்பதால் வெளியார் இதனைப் பாம்புப் படகு என்பர். துடுப்பு வலிப்போர் ஏறத்தாழ 90 பேர். திசை திருப்ப நான்கைந்து பேர் பின்னே நிற்பர். நடுவில் சிலர் வஞ்சிப்பாட்டுப் பாடித் தாளம் கொடுப்பர். 1952-இல் பிரதமர் நேரு ஆலப்புழை வந்தபோது இவ்வோடங்களின் பந்தயத்தைக் கண்டு மகிழ்ந்து, வென்ற நடுபாகம் சுண்டனில் தாமே ஏறிக்கொண்டார். பின்னர் வெள்ளிக் கோப்பை ஒன்றையும் அனுப்பி வைத்தார். நேரு கோப்பைப் போட்டி அங்ஙனம் பிறந்ததே.

இவ்வோடங்களைச் செய்வோருள் புகழ் பெற்றவர் கோழிமுக்கு நாராயணன் ஆசாரி. அவருக்குப் பின் அவர்தம் புதல்வர்களும் இத்தொழிலை நடத்தி வந்துள்ளனர். ஆஞ்சிலி என்னும் மரத்தையே இதற்குத் தேர்வர். தமிழில் அது அயினி. நீளத்தைக் கோல் கணக்கிலும் அகலத்தை அங்குலக் கணக்கிலும் சொல்வது மரபு. அளவில் சிறிது பிசகினாலும் ஓடம் நீரில் தயங்கும். அச்சிறு பிசகின் மதிப்பு எத்தகையது என்பதை 2024-ஆம் ஆண்டுப் பந்தயம் காட்டிற்று. காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 விநாடியில் எல்லையைத் தொட்டது. வீயபுரம் சுண்டன் 4 நிமிடம் 29.790 விநாடியில் தொட்டது. கண் இமைக்கும் நேரத்தினும் குறைந்த வேறுபாட்டில் கோப்பை கைமாறியது.

தொழில் நுட்பத்தைப் பற்றி அந்நாட்டில் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. செம்பகச்சேரி மன்னருக்குக் கொடுப்புன்னை வெங்கிடநாராயணன் ஆசாரி என்பவர் புதுவகைப் போர்ப்படகு ஒன்று செய்து கொடுத்தாராம். பகைவராகிய காயங்குளத்தார் ஓர் இளைஞனை வேவுக்கு அனுப்ப, அவன் ஆசாரியின் மகளிடம் அன்பு பாராட்டித் தொழிலைக் கற்றுச் சென்றானாம். எனினும் அடுத்த போரிலும் செம்பகச்சேரியாரே வென்றனராம். ஓடத்தின் அளவைக் கவர்ந்து செல்லலாம். ஒருங்கே துடுப்பு வலிக்கும் பழக்கத்தைக் கவர இயலாது என்பதே இக்கதையிலிருந்து நாம் கொள்ளும் பொருள்.

இனி உடைமையைப் பார்ப்போம். இவ்வோடங்களுள் பலவும் தனி முதலாளிக்கு உரியன அல்ல, ஊராருக்கு உரியவை. ஊரார் பங்கு சேர்த்துப் பணம் திரட்டி மரம் வாங்குகின்றனர். ஆசாரி தம் ஆட்களோடு அவ்வூருக்கே வந்து, கொட்டகையில் மாதக் கணக்கில் தங்கி வேலை செய்கிறார். முதலீடு ஊருடையது, நுட்பம் குடும்பத்துடையது, துடுப்பு வலிப்பது பெரும்பாலும் படகுக் கழகத்தாரது. மூவரில் ஒருவர் விலகினாலும் ஓடம் கொட்டகையிலேயே கிடக்கும்.

மேல்நாட்டில் நிகழ்ந்ததையும் ஒப்பு நோக்குவோம். இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளிக்குப் படகு செய்தவரின் மகன் ஜார்ஜ் போகாக், அமெரிக்காவின் சியாட்டிலில் பட்டறை வைத்தார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் எண்மர் படகுப் போட்டியில் தங்கம் வென்றது அவர் தேவதாரு வகை மரத்தால் செய்த ஓடமே. காலப்போக்கில் மரத்தின் இடத்தைக் கார்பன் இழை பிடித்தது. பட்டறையும் அக்குடும்பத்தின் கையைவிட்டு அகன்றது. குட்டநாட்டில் மர ஓடம் இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணம், அதனைக் கேட்டு வாங்கும் ஊர்கள் இருப்பதே.

எனினும் அங்கும் துன்பம் இல்லாமலில்லை. நீண்ட, பழுதற்ற அயினி மரம் எளிதில் கிடைப்பதில்லை. ஓர் ஊர் பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே புது ஓடம் கேட்கும். ஆசாரியின் பிள்ளைகள் தொழிலில் நிற்க வேண்டுமானால் இடைப்பட்ட நாட்களிலும் அடுப்பெரிய வேண்டுமன்றோ? ஊராரின் பங்குத்தொகை ஓடத்தைக் காக்கிறது. ஆனால் ஓடம் செய்பவரின் அன்றாட வாழ்வை அது தானாகவே காத்துவிடாது.

இவ்விடத்தில் நம் திருபுவனத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே 1955-இல் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நுட்பம் வீட்டுத் தறியில் இருக்கிறது. பட்டு நூலும் சரிகையும் சங்கத்தின் வழியே வருகின்றன. சேலையை விற்கும் பொறுப்பும் சங்கத்தினுடையதே. 2019-இல் திருபுவனம் பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தொடர்ந்து வேலை தருவதே கைத்தொழிலுக்குச் செய்யும் பேருதவி. குட்டநாட்டு ஓடத்துக்கு இன்னும் முழுமையாக வாய்க்காத அவ்வுதவியைச் செய்யும் வழி நம் கையில் இருக்கிறது.

ஆதலின் நம் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இலாபப் பங்கைக் கேட்பதோடு நிறுத்திவிடாமல், நம் ஊர்த் தறிக்கும் தச்சுப்பட்டறைக்கும் வரும் ஆண்டில் எத்தனை மாத வேலை உறுதி என்றும் கேளுங்கள். இளைஞர் எத்தனை பேர் தொழில் பழகுகின்றனர் என்றும் கேளுங்கள். இவ்விரண்டு வினாக்களுக்கும் நல்ல விடை சொல்லக்கூடிய சங்கமே, மூத்தவர்களின் கைத்திறனை அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பிக்க வல்லதாகும்.