பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிதான். முழங்கால் ஆழத்துக்கு வெண்பனி கொட்டிக் கிடக்கும் மலைச்சரிவை நம்மில் பெரும்பாலோர் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறோம். நம் நாட்டிலும் காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும், உத்தராகண்டத்து அவுலியிலும் அத்தகைய சரிவுகள் உண்டு. அங்கே மக்கள் இரு கால்களிலும் நீண்ட பலகைகளை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே சறுக்கி வருவார்கள். காண்பதற்கு இனிய விளையாட்டு! ஆனால் நாம் இங்கே சொல்ல வந்தது அந்தப் பலகைக்கும் காலணிக்கும் இடையே இருந்து இரண்டையும் இணைக்கும் ஒரு சிறு பொறியைப் பற்றி. அதற்குப் 'பைண்டிங்' என்று பெயர். புத்தகத்துக்கு அட்டை போடும் பைண்டிங்கை நினைத்துவிடாதீர்கள், தோழியரே. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் முதலில் அப்படித்தான் நினைத்தோம்.

திருப்புத்திறன் பாடத்தில் விசையைத் தூரத்தால் பெருக்கக் கற்றோம் அல்லவா? கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் அசையாது. கைப்பிடி அருகே தள்ளினால் ஒரு விரலே போதும். இப்போது ஏறத்தாழ 170 சென்டிமீட்டர் நீளமுள்ள பலகையின் நடுவில் உங்கள் கால் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பலகையின் முனை பனியில் புதைந்து பக்கவாட்டில் திரும்புகிறது. பத்துக் கிலோ எடைக்குச் சமமான விசை, அதாவது சுமார் 100 நியூட்டன், காலிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி அந்த முனையில் தாக்கினால் திருப்புத்திறன் 80 நியூட்டன் மீட்டர். பத்துக் கிலோ அரிசிப் பையை நம் வீட்டில் பிள்ளைகளே தூக்குவார்கள். அதே அளவு விசை, நீண்ட பலகையின் முனையில் பட்டதும், ஈரத்துணியைப் பிழிவதுபோல் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பைப் பிழிகிறது. அப்படி ஒடியும் எலும்பு நேராக ஒடியாது. திருகாணியின் மரையைப்போலச் சுற்றிக்கொண்டு விரிசல் விடும்.

ஆதியில் காலணியைத் தோல்வாரால் பலகையில் கட்டினார்கள். பின்னர் காலணியின் முன்பக்கத்தை இரும்புத் தாடையில் செருகி, குதிகாலைச் சுற்றி எஃகு வடம் ஒன்றை இழுத்துப் பூட்டும் முறை சுவிட்சர்லாந்தில் தோன்றியது. அதன் பெயர் காந்தஹார்! ஆப்கானிஸ்தானத்து நகரத்துக்கும் ஐரோப்பியப் பனிமலைக்கும் என்ன உறவு? காந்தஹாரில் போரிட்டுப் புகழ் பெற்ற ஆங்கிலேயத் தளபதி ராபர்ட்ஸ் பிரபுவின் பெயரால் 1911-ஆம் ஆண்டு ஒரு பனிச்சறுக்குக் கோப்பை ஏற்பட்டது. அதையொட்டிப் போட்டிகளுக்கும், பிறகு இந்தப் பூட்டுக்கும் அப்பெயர் நிலைத்தது. குதிகால் பலகையோடு ஒட்டி நின்றதால் சரிவில் திரும்புவது எளிதாயிற்று. விழும்போதுதான் தொல்லை. பூட்டு விடாது. கரடி பிடிக்கும் பொறி என்றே இத்தகைய பூட்டுகளுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் குடியேறிய யால்மார் வாம் என்பவர் பனிச்சறுக்கில் பெயர் பெற்ற வீரர். 1937-இல் ஹூட் மலையில் அவர் விழுந்து கால் ஒடிந்தது. மருத்துவமனையில் மயக்கம் தெளிந்ததும் தாளும் பென்சிலும் கேட்டு, காலை விடுவிக்கும் ஒரு பூட்டை வரைந்தார் என்று சொல்வார்கள். நமக்குக் கால் ஒடிந்தால் முதலில் அம்மாவைத்தான் கேட்போம்! அவர் வரைந்தது காலணியின் முனையைப் பிடித்திருக்கும் கொண்டி. அளவுக்கு மீறித் திருகினால் அது பக்கவாட்டில் சுழன்று காலை விட்டுவிடும். பின்னர் 1950-களில் பிரான்சில் ஜான் பெய்ல் என்பவரும், ஜெர்மனியில் ஹான்னஸ் மார்க்கர் என்பவரும் இவ்வெண்ணத்தை வெகுவாகச் செம்மைப்படுத்தினார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள எங்கள் ஆய்வகத்து மர அலமாரியே உதவியது. அதன் கதவு விளிம்பில் ஒரு பித்தளைக் குண்டு பாதி வெளியே தெரியும். அதன் பின்னால் ஒரு சுருள்வில் இருக்கிறது. கதவை மூடினால் குண்டு எதிரேயுள்ள குழியில் உட்கார்ந்துகொள்ளும். மெல்ல இழுத்தால் கதவு சற்றே அசைந்து, கையை எடுத்ததும் மறுபடி உள்ளே போய்விடும். இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தால் குண்டு குழியின் விளிம்பைத் தாண்டும். 'டக்'கென்று கதவு திறக்கும். பைண்டிங்கின் முன்பகுதியும் ஏறக்குறைய இதே கதைதான். உள்ளே வலுவான சுருள்வில் ஒன்று ஓர் உலோகத் தண்டைச் சாய்வான பரப்பின்மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. காலணியின் முனை பக்கவாட்டில் தள்ளினால் தாடை திரும்புகிறது, சுருள்வில் நசுங்குகிறது. ஓர் எல்லைக்குள் இருந்தால் வில் தாடையை நடுவுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடும். எல்லை தாண்டினால் தாடை விலகிக் கால் வெளியே வந்துவிடும்.

நடுவுக்குத் திரும்பி வருகிறதே, அதைத்தான் நாங்கள் மிகவும் வியந்தோம். எளிதில் திறக்கும்படி வைத்துவிட்டால் போதுமே என்று முதலில் தோன்றியது. போதாது. செங்குத்தான சரிவில் வேகமாக வரும்போது பலகை ஒவ்வொரு மேட்டிலும் அடி வாங்குகிறது. ஒவ்வோர் அடிக்கும் பூட்டு திறந்துகொண்டால் ஆள் ஒற்றைப் பலகையோடு பாறையிலோ மரத்திலோ போய் மோத வேண்டியதுதான். மேட்டில் படும் அடி பலமானது, ஆனால் கண் இமைக்கும் நேரமே நீடிப்பது. காலை ஒடிக்கும் திருகல் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருப்பது. வேலை என்பது விசையையும் இடப்பெயர்ச்சியையும் பெருக்கி வருவது என்று படித்தோமே, அது இங்கே பயன்படுகிறது. திறப்பதற்கு முன் தாடை சிறிது தூரம் நகரும்படி அமைத்துவிட்டார்கள். சட்டென்று வரும் அடி அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் ஓய்ந்துவிடும்; விடாமல் தள்ளும் திருகல் மட்டும் கடந்து முடித்துப் பூட்டைத் திறக்கும்.

குதிகால் பக்கத்துப் பொறி மேல்நோக்கித் திறப்பது. முன்புறமாகக் குப்புற விழும்போது குதிகால் மேலே எழும் அல்லவா? அப்போது அது விடுவிக்கும். மற்ற நேரங்களில் குதிகாலால் ஒரு மிதி மிதித்தால் பூட்டிக்கொள்ளும். கைக்கோலால் நெம்புகோலை அழுத்தினால் கழன்றுவிடும்.

வில் நன்றாக இருந்தும் பூட்டு திறக்காத சமயங்கள் இருந்தன. குற்றவாளி உராய்வு. சறுக்குபவர் முன்னால் சாய்ந்து எடை முழுவதையும் காலணியின் முன்பக்கத்தில் வைத்திருக்கும்போது, அடித்தோல் பலகையோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர மறுத்தது. இதற்குக் கண்ட மருந்து நம் சமையலறைக்கும் வந்த ஒன்று. ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே டெஃப்லானால் ஆன சிறு பட்டையைக் காலணி முனைக்கு அடியில் பதித்தார்கள். ஆகவே காலணியின் அடியில் சேறும் மணலும் அப்பியிருந்தால் இப்போதும் பூட்டின் கணக்குத் தவறிவிடும்.

சுருள்வில்லை எவ்வளவு இறுக்குவது? பொறியின் மேல் சிறு சாளரத்தில் ஓர் எண் தெரியும். திருகாணியைத் திருப்பினால் எண் மாறும். நடுத்தர நீளமுள்ள காலணிக்கு எண் 5 என்றால், ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர் திருகலில் முன்பகுதி திறக்கும். நாம் முன்பு கணக்கிட்ட 80 வருவதற்குள் கால் விடுபட்டிருக்கும். குதிகால் பக்கம் திறக்க அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும், ஏனெனில் எலும்பு திருகலைவிட வளைவை அதிகம் தாங்கக் கூடியது. எண்ணைத் தேர்ந்தெடுக்க அட்டவணை உண்டு. எடை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், சறுக்கும் வேகம் ஆகிய அனைத்தையும் பார்ப்பார்கள். காலணி குட்டையானால் எண் கூடும். நெம்புகோலின் நீளம் குறைகிறது அல்லவா! பத்து வயது நிரம்பாத குழந்தைகளுக்கும், ஐம்பது வயதானவர்களுக்கும் ஒரு படி குறைத்து வைப்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், தம்மைப் பெரிய வீரர் என்று சொல்லிக்கொள்பவருக்கு எண் கூடிவிடும். கடையில் நின்று பெருமைக்காகப் பொய் சொன்னால் எலும்பு அதற்குப் பதில் சொல்லும். எங்களுக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது.

காலை விட்ட பலகை சும்மா இருக்குமா? அது ஆளில்லாமலே சரிவில் பாய்ந்து கீழே நிற்பவரைத் தாக்கும். அதனால் முதலில் வாரால் கணுக்காலோடு கட்டிவைத்தார்கள். விழுந்து உருளும்போது கட்டிய பலகை சுழன்று வந்து உடையவரையே அடித்தது. 1970-களில் அதற்கும் வழி பிறந்தது. காலணி மிதித்திருக்கும்வரை மேலே மடங்கியிருக்கும் இரண்டு கம்பிகள், கால் நீங்கியதும் சுருள்வில்லால் கீழே பாய்ந்து பனியில் குத்தி நிற்கும்.

இவற்றின் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துச் சுகர்புஷ் என்னும் பனிமலையில் 1972 முதல் ராபர்ட் ஜான்சன் என்ற எலும்பு மருத்துவரும் துணைவர்களும் பல ஆண்டுகள் காயங்களைக் குறித்துவந்தார்கள். கீழ்க்கால் எலும்பு முறிவுகள் பெரிதும் குறைந்திருந்தன. ஆனால் 1980-களில் முழங்கால் மூட்டின் உள்ளே இருக்கும் இணைப்பு நார் அறுந்து வருவோர் தொகை ஏறத் தொடங்கியது. பின்னால் சாய்ந்து விழும்போது பலகையின் வால்பகுதி பனியைக் கவ்வி முழங்காலைத் திருகிவிடுகிறது. வால்பகுதியின் தள்ளல் குதிகாலுக்குப் பக்கத்தில் விழுவதால், காலணியின் முனையில் காத்திருக்கும் பூட்டுக்கு அது சரியாக எட்டுவதில்லை. இதற்காகக் குதிகால் பொறியும் பக்கவாட்டில் திறக்கும்படி சிலர் செய்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான பலகைகளில் குதிகால் இன்றும் மேல்நோக்கி மட்டுமே திறக்கிறது.